நாய். தேவையில்லை

வால்பராய்சோவில், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில்
எனக்கு முதல் வேலை
அமைச்சர்களின் இருமலை நீக்குவது.
ஒரே வருடத்தில்
அரசாங்கத்தின் தொண்டையைச் சரிசெய்துவிட்டேன்.
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு:
ஒன்று ஒளிபரப்புக்கு,
மற்றது என் காலடிக் கூடைக்கு.

பிறகு விளம்பரங்கள். தயிர், காலணி, கூந்தல் எண்ணெய்.
கிண்ணத்திலிருந்து உதடுவரை ஸ்பூன் போகும் வழியை
நாற்பது விதமாகச் சுருக்கினேன்.
இமை மூடுமுன் வெட்டினால் பார்ப்பவர் காத்திருப்பார்,
மூடியபின் வெட்டினால் நம்பிவிடுவார்.
இதைத் தயிர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

முப்பத்திரண்டு வயதில்
சிலோயே தீவிலிருந்து
நாற்பத்தேழு மணி நேர மழை வந்து இறங்கியது,
தகரப் பெட்டிகளில்.
திரும்பாத ஒரு படகைப் பற்றிய ஆவணப்படம்.
ஐந்து மாதம் அந்த மழைக்குள் இருந்தேன்.
அந்தக் கரையின் நாய்களைப் பெயர்சொல்லிக் கூப்பிடுவேன்.
யார் வீட்டுக் கூரையில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பதுவரை தெரியும்.
அங்கே ஒருநாளும் போனதில்லை.

ஹெர்மெலிண்டா பாரியா
உருளைக்கிழங்கு உரித்தபடி பேசுவார்.
ஒனோஃப்ரே கிளம்பிய காலை,
வானொலி சொன்ன காற்று,
மேசையில் அவர் மறந்துவிட்டுப் போன கையுறை,
இடது கை மட்டும்.
கத்தி நிற்கும்.
கண்ணீர் தோலோடு தோலாகக் கிண்ணத்தில் விழும்.
அப்போது நாய் உள்ளே வரும்.
நனைந்த உடம்பை ஒரு உதறு உதறும்.
ஒலிப்பதிவாளர் அலறுவார்.
ஹெர்மெலிண்டா சிரிப்பார்,
முன்பல் இல்லாத வாயைப் பொத்தாமல்,
கிண்ணம் மடியில் குலுங்க.
பதினொரு நொடி.

"கண்ணீரோடு நிறுத்து" என்றார் இயக்குநர் ரெனாட்டோ.
நிறுத்தினேன்.
அடுத்த ஷாட் கடல்.
எப்போதும் அடுத்த ஷாட் கடல்தான்.

விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
எனக்குக் கிடைத்த கண்ணாடிப் பரிசு
இப்போது கதவு அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது.

தீவில் படத்தைப் போட்டது
பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்திலிருந்து திரையைத் தொங்கவிட்டு.
ஹெர்மெலிண்டா என் தோள் உயரம்தான்.
ஐந்து மாதமும் அவர் உட்கார்ந்தே இருந்தார், எனக்குத் தெரியவில்லை.
ரெனாட்டோவைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்,
யார் சொன்னார்களோ.
"அப்புறம் நான் சிரித்தேனே,
அது எங்கே?"

"நீளம் கருதி..." என்று இழுத்தேன்.
"நாயையும் காணோம்.
இரண்டு வருடம் அழாமல் இருந்தவள் நான்.
அன்றைக்குத்தான் அழுதேன், அன்றைக்கே சிரித்தும்விட்டேன்.
பாதிதான் கொடுத்திருக்கிறீர்கள்."
கோபமில்லை.
கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் சொல்வோமே,
அப்படி.

அதன்பின் கதைப்படங்கள், பத்தொன்பது.
வெவ்வேறு வாரங்களில் பேசிய இருவரை
ஒரே அறையில் காதலிக்க வைத்தேன்.
நடிக்கத் தெரியாதவனை
அவன் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தால் காப்பாற்றினேன்.
செத்துக் கிடப்பவர் மூச்சுவிட்டால்
அந்த ஃப்ரேம்களை உருவி எடுப்பதும் என் வேலை.

ஆய்வகத்தைக் காலி செய்த வாரம்
பழைய பெட்டிகளைக் கிளறினேன்.
ஒன்றின் மேல் என் கையெழுத்து:
"நாய். தேவையில்லை."
பிரதி எடுத்துத் தீவுக்கு அனுப்பினேன்.
அதை ஓட்ட அவர் வீட்டில் எந்திரம் இருக்குமா என்று
யோசிக்கவே இல்லை.

போன மாதம் ஒரு படம்.
விதவையாக நடித்த பெண் நன்றாகவே அழுதாள்.
'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது.
மூக்கைத் துடைக்கிறாள்.
சட்டகத்துக்கு வெளியே யாரோ ஏதோ சொல்ல
உதட்டோரம் எதுவோ கிளம்பப் பார்க்கிறது.
ஒன்பது ஃப்ரேம். அரை நொடிகூட இல்லை.
சேர்த்துவிட்டேன்.

தயாரிப்பாளர் மூன்றுமுறை போட்டுப் பார்த்தார்.
"ஏன் இங்கே தாமதம்?"
"நாய் உள்ளே வருகிறது" என்றேன்.
"இந்தப் படத்தில் நாயே கிடையாதே."
"ஆமாம்" என்றேன்.